அம்மாவின் கோப்பியும் அப்பா வாங்கிய காப்பும்

ஓட்டுச் சட்டியில் கோப்பிக்கொட்டை வறுபடும்போது முதலில் எழுவது மணம் அல்ல, புகை. கண்ணைக் கரிக்கிற அந்தப் புகை மெல்ல அடங்கி, கொட்டைகள் ஒவ்வொன்றாகப் 'பட் பட்' என்று வெடிக்கத் தொடங்கிய பிறகுதான் மணம் கிளம்பும். கிளம்பிவிட்டால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பத்துக் காம்பராக்களிலும் நுழைந்து, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பவர்களையும் தலையைத் திருப்ப வைத்துவிட்டு, தேயிலை மலையின் பக்கமாகப் போய் மறையும். நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வருடம் முழுவதும் காற்றில் நிற்பது இஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து வாடும் மணம் ஒன்றுதான், அதை நாங்கள் யாரும் மணம் என்றே எண்ணியதில்லை. மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் என் அம்மா வறுத்த கோப்பிதான் எனக்குத் தெரிந்த முதல் நல்ல மணம். அதை இன்று எங்கே முகர நேர்ந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், இனிமையாக எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மாவின் பெயர் செல்லம்மா. எட்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுக்கத் தொடங்கியவர். தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளை வாங்கி வந்து தகரப் பேணியில் கொட்டி, அப்பாவுக்கும் எனக்கும் 'சாயத் தண்ணி' ஊற்றித் தருவாரே தவிர, தாம் அதை வாயில் வைக்க மாட்டார். "நாள் பூரா அது மூஞ்சியத்தான் பாக்குறேன், வீட்டுக்கு வந்தும் அதயே குடிக்கணுமா" என்பார். லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கான் ஓரமாக இரண்டு கோப்பி மரங்கள் நின்றன. தேயிலை வருவதற்கு முன் இந்த மலையெல்லாம் கோப்பிதானாம், அந்தக் காலத்து மிச்சமாக யாரும் வெட்டாமல் விட்டவை அவை. பழம் சிவந்ததும் அம்மா மடியில் பறித்து வந்து, சாக்கில் காயவைத்து, உரலில் போட்டுத் தோலைப் போக்கி, வறுத்து இடித்து, ஹார்லிக்ஸ் போத்தலில் அடைத்து வைப்பார். அந்தப் போத்தலைத் தொட எனக்கும் அனுமதி கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கோப்பி அம்மாவின் வயிற்றுக்கு ஆகாது. அவருக்கு 'வவுத்துக் குத்து' என்று தோட்டத்தில் சொல்லும் நோய் இருந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே கத்தி செருகியதுபோல் குத்தும். அப்போது அப்படியே குந்தி உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். மலையில் வைத்து வந்துவிட்டால் கொழுந்து குறையும், அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு வெள்ளைத் தண்ணி மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, உறைப்பை விடு, புளியை விடு, கோப்பியை முதலில் விடு என்றார். அம்மா உறைப்பை விட்டார், புளியை விட்டார். மாசிச் சம்பலில்லாமல் ரொட்டியை வெறுமனே தின்றார். கோப்பியை மட்டும் விடவில்லை. வாய்க்கு ருசியானது வயிற்றுக்குப் பகை என்று பக்கத்துக் காம்பராவுக்காரர்கள் சொல்லும்போது, "பகையாளிய வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டாப் பழகிருவான்" என்று சிரிப்பார்.

அந்தப் பகையாளியோடு பழகுவதற்கு அவர் ஏகப்பட்ட சட்டதிட்டங்கள் வைத்திருந்தார். வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. முதலில் ரொட்டியில் ஒரு துண்டோ, பழைய சோற்றில் ஒரு கவளமோ உள்ளே போக வேண்டும். தூளில் பாதிக்கு மல்லியை வறுத்து இடித்துச் சேர்க்க வேண்டும். ஆட்டுப்பால் கிடைத்த நாளில் பாதிக் குவளை கோப்பி, பாதிக் குவளை பால். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக் கூடாது, ஆறவும் விடக் கூடாது. ஒரு மிடறு விழுங்கிவிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பவர்போல் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த மிடறு. இப்படி ஒரு சின்னக் குவளை கோப்பிக்கு அரை மணி நேரம் எடுக்கும். மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து அவர் குடிக்கும் அந்த அரை மணி நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பயந்து இறுகிக் கிடந்த முகம் அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கோப்பியை விடச் சொல்லி நானும் ஒருமுறை அழுதிருக்கிறேன். "எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான்டி" என்றார்.

அப்பா ராமையாவுக்கு இஸ்டோரில் வேலை. அரைத்த கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவார் என்று டீமேக்கர் ஐயாவே பாராட்டியதாக ஒரு கதை உண்டு, சொன்னவர் அப்பாதான். தேயிலையை அறிந்த கைக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை. முக்கியமாக, பொன். யார் நகை வாங்கினாலும் அப்பாவிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் அதை வெயிலில் பார்க்க மாட்டார், "வெயில்ல தகரங்கூட மின்னும், நெழல்ல பாக்கணும்" என்பார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பார்ப்பார்: "பொன்னு மணக்காது, பித்தளதான் மணக்கும்." ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடிப்பார். படிக்கல்லில் போட்டுக் காது கொடுப்பார்: கிணுங்கினால் பித்தளை, மொத்தென்று விழுந்தால் பவுன். அதன் பிறகு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நம்பி எத்தனை மூக்குத்திகள் எங்கள் தோட்டத்தில் பவுனாக வாழ்ந்தனவோ தெரியாது.

நான் பிறந்த வருடம், அவர் ஹட்டன் திருவிழாவில் வெளியூர் ஆள் ஒருவனிடம் அம்மாவுக்கு ஒற்றைக் காப்பு வாங்கினார். மேற்சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் செய்துதான் வாங்கினார். அம்மாவின் வலது கையில் இருந்த அந்தக் காப்புத்தான் எங்கள் குடும்பத்தின் சொத்து, மரியாதை எல்லாம். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்கிறார்கள். எங்கள் காப்பு அப்படி மின்னவும் இல்லை, பெரிய இடத்துப் பொருள்போல் அடக்கமாகத்தான் இருந்தது. கொழுந்து பறிக்கும்போது கீறல் விழாமல் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வார் அம்மா.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, காதில் ஈர்க்குச்சியோடு திரிகிற பிள்ளைக்குத் தோடு வேண்டாமா என்று பேச்சு வந்தது. அம்மாதான் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் வெட்டித் தோடு செய்துகொண்டு, மிச்சத்தை மெல்லிய காப்பாக அடித்து வாங்கி வாருங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். நான் அன்று போட்டிருந்த பச்சைச் சட்டை உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. மறந்தால் நன்றாக இருக்கும்.

நகை செய்கிற பத்தர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காப்பைக் கையில் வாங்கியவர் ஒருமுறை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், முகம் மாறியது. "இந்தத் தடிப்புக்குப் பவுனா இருந்தா இன்னும் கனக்கணுமேங்க" என்றார். அப்பா சிரித்து, "நல்லா ஒரசிப் பாருங்க பத்தரய்யா" என்றார். பத்தர் சிறிய அரம் ஒன்றை எடுத்து, காப்பின் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், மேல்தோல் போகிற அளவுக்கு இரண்டு இழுப்பு இழுத்தார். அந்த இடத்தைக் கறுப்பு உரைகல்லில் தேய்த்தார். பக்கத்திலேயே தம்மிடம் இருந்த நல்ல பவுன் ஊசியால் இன்னொரு கோடு போட்டார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பிறகு திராவகத்தில் ஒரு துளி தொட்டு வைத்தார். ஊசியின் கோடு அப்படியே இருந்தது. எங்கள் கோடு பச்சையாக நுரைத்து, துடைத்ததும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"மேல தங்கத் தண்ணி நல்லாத் தடிப்பாக் காட்டியிருக்கான், கைகாரன். உள்ள முச்சூடும் செம்புங்க" என்றார் பத்தர். இரக்கத்தோடுதான் சொன்னார். "கடிச்சுப் பாத்தாலும் மோந்து பாத்தாலும் தெரியாது. ஒரசுனாத்தான் தெரியும்."

அப்பா காப்பை வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன், காப்புக்காக அல்ல, தோட்டுக்காக. பஸ் வருவதற்கு முன் அவர் என் எதிரே குந்தி உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தம் தலைமேல் வைத்துக்கொண்டார். "அம்மாக்கிட்ட மட்டும் சொல்லிறாத தாயி. யாருக்கிட்டயும் சொல்லிறாத. சொன்னா அப்பா உசுரோட இருக்க மாட்டேன்" என்றார். வளர்ந்தவர்கள் எத்தனையோ தடவை சொல்கிற பேச்சுத்தான் அது. ஆனால் தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலை போய்விடும் என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த சட்டம். நான் சத்தியம் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு பொய் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொய். "பத்தரு பாத்து அசந்து போயிட்டாரு செல்லம்மா. இந்த மாதிரிச் சுத்தப் பவுனு இப்ப வர்றதே இல்லையாம். இத வெட்டுறது பாவம்னுட்டாரு. நீயே போட்டுக்க, புள்ளைக்கு வேற பாப்போம்." அம்மா காப்பைக் கையில் வாங்கி, உட்பக்கத்து அரத்தின் தடத்தைத் தடவிப் பார்த்தார். "ஒரசிப் பாத்த எடம்" என்றார் அப்பா. அன்று அம்மாவுக்கு இருந்த பூரிப்பைப் பார்த்து எனக்குக்கூட, அப்பா செய்தது சரிதான் என்று பட்டது.

அதோடு முடிந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு பித்தலாட்டக் காப்பு இருந்தது என்று சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த மழைக்காலத்தில் அம்மாவின் வயிற்றுக் குத்து அதிகமாயிற்று. மேட்டு லயத்தில் பேச்சியக்கா என்று ஒருவர் இருந்தார், அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர், தங்கமான மனுஷி. அவர் ஒருநாள் மாலை எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார்: "சுத்தப் பவுனத் தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியக் குடிச்சா வவுத்துப் புண்ணு ஆறிரும்னு எங்க ஆளுக சொல்லுவாங்க செல்லம்மா. ஆனா சுத்தமா இருக்கணும். கலப்படம்னா வெசமாப் போயிரும்."

"எங்க வீட்டுக்காரரு வாங்குனதுக்கா. பத்தரே பாத்து அசந்து போனாராம்" என்றார் அம்மா.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன்.

மறுநாளே தொடங்கிவிட்டது. தண்ணீரைத் தனியாகக் காய்ச்சிக் குடிப்பதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. "கோப்பியும் தண்ணிதானே" என்று, கோப்பி கொதிக்கிற சட்டியிலேயே காப்பைப் போட்டுவிட்டார். அவருடைய கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடைக்காது: கோப்பியையும் விட வேண்டாம், வயிறும் ஆறும். மலையிலிருந்து நாலரை மணிக்கு வந்ததும் கையில் சவர்க்காரம் போட்டுக் காப்பைக் கழற்றுவார். அது சட்டிக்குள் டணார் என்று விழும். கோப்பித் தூளோடும் மல்லியோடும் அது நன்றாக வேகும் மட்டும் காத்திருந்து, கரண்டியால் எடுத்து வெளியே வைப்பார். அப்பா இஸ்டோரிலிருந்து வருவது ஆறு மணிக்குப் பிறகு. "அப்பாக்கிட்டச் சொல்லிறாத. பவுனு தேஞ்சு போகும்னு கத்துவாரு" என்றார் என்னிடம். எங்கள் வீட்டில் இருந்ததே மூன்று பேர். இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் ஒவ்வொரு ரகசியத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஈயம் பூசாத பித்தளையில் ரசத்தை வைத்தால் என் முதுகில் அடி போடுகிறவர் அம்மா. "களிம்பு ஏறுனா கொடலத் தின்னுரும்" என்று அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பத்து நாள் போல் ஆனதும் காப்பின் உட்பக்கத்தில், பத்தர் அரம் போட்ட இடத்தில், பச்சையாக ஒரு பூச்சுப் படிந்திருந்ததைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். கோப்பிச் சக்கை ஒட்டியிருக்கிறது என்று சாம்பல் போட்டுத் துலக்கினார். துலக்கத் துலக்க அந்த இடம் அகன்றது. ஒருநாள் அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது குவளையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். செம்புக் குடத்தில் நாள்பட்ட தண்ணீர்போல் நாக்கில் காறியது.

தொடக்கத்தில் அம்மாவுக்கு நன்றாகத்தான் இருந்தது, அல்லது இருந்ததாக அவர் நம்பினார். பேச்சியக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூடக் கொடுத்தார். பிறகு கோப்பி குடித்த கொஞ்ச நேரத்தில் குமட்டல் வர ஆரம்பித்தது. கானுக்குப் போய் ஓங்கரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்பார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சொன்னால் அப்பா செத்துப்போவார். சொல்லாவிட்டால் அம்மா குடிப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதற்கு என்ன வழி கண்டுபிடிக்கும்? காப்பைத் திருடினேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது எடுத்து, மாவு மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். அன்று எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்த காம்பராவுக்கு உப்பு வாங்க வந்துபோன ஒரு பெண்மேல் சந்தேகம் போய், அம்மா அவருடைய வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றத் தயாராகிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் மாவுக்குள்ளிருந்து எடுத்து, கீழே விழுந்து கிடந்தது என்று நீட்டினேன். அப்பாவும் அப்போது வந்துவிட்டிருந்தார். நான் ஏன் ஒளித்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஒளித்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, என் கையெல்லாம் மாவாக இருந்தது. தோட்டுக்கு ஆசைப்பட்டு எடுத்தேன் என்று நினைத்திருப்பார். அந்த நிமிடத்தில் அவரைத் தனியே இழுத்துக்கொண்டுபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் சொல்வது சத்தியத்தை மீறியதாகாது. இது எனக்கு அன்று தோன்றவில்லை. அம்மாவின் ரகசியத்தை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது. எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பது ஒரு மாதம் கழித்துத்தான், தேவையே இல்லாமல் போன பிறகு, எனக்குத் தோன்றியது.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அம்மாவை அங்கே சாக்கின்மேல் படுக்க வைத்திருந்தார்கள். மலையில் நிரை பிடித்துக்கொண்டிருந்தபோதே வாந்தி எடுத்திருக்கிறார். நான் போன பிறகும் எடுத்தார். கறுப்பாக, குருணையாக, கோப்பிச் சக்கையைப் போலவே இருந்தது. கோப்பி குடித்ததால்தான் என்று ஒரு பெண் சொன்னார். அது இரத்தம் என்று மருந்துக்காரர் வந்து பார்த்துச் சொன்னார். கொழுந்து ஏற்றும் லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே அவரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மடியில்தான் தலை இருந்தது. வழியில் ஒருமுறை கண் திறந்து, "காப்பு பத்திரம்டி. ஒனக்குத் தோடு பண்ணணும்" என்றார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

குடல் புண் வெகுநாளாக இருந்து வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். செம்புத் தண்ணீர் அதை வெடிக்க வைத்திருக்குமா என்று, எனக்கு நாற்பது வயதான பிறகு, ஒரு டாக்டரிடம் வேறு யாருடைய கதையோபோல் கேட்டேன். "செஞ்சிருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். அந்தப் புண்ணோட கோப்பியே போதும்" என்றார். இரண்டில் ஒன்றை அவர் உறுதியாகச் சொல்லியிருந்தால், எதுவாக இருந்தாலும், நான் அதோடு வாழப் பழகியிருப்பேன்.

அடக்கம் செய்கிறபோது நகையைக் கழற்றிவிடுவது வழக்கம். பெண்கள் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, காப்பைக் கழற்றப் போனார்கள். அப்பா தடுத்தார். "இருக்கட்டும். அவ ஆசையாப் போட்டது, அவளோடயே போகட்டும்" என்றார். பொம்பளைப் பிள்ளை இருக்கிறது, நாளைக்கு உதவும் என்று எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ விம்மி அழுதார்கள். அந்த நாளிலிருந்து தோட்டத்தில் அப்பாவுக்கு ஒரு பெயர் ஏற்பட்டது: பொண்டாட்டியைத் தங்கக் காப்போடு புதைத்த மனுஷன். கல்யாணப் பேச்சுகளில், புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளில், "ராமையாவப் பாரு" என்று சொல்வார்கள். அவர் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார். அது துக்கத்தால் என்று நினைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு யார் நகை கொண்டுவந்து காட்டினாலும், "எனக்கு என்னாத்தத் தெரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நாங்கள் இரண்டு பேரும் ஆறேழு வருடம் ஒரே காம்பராவில் இருந்தோம். சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து மழைக்கு ஒழுகும் இடத்தில் சட்டி வைத்தோம். காப்பைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கோப்பி மரங்களில் பழம் சிவந்து, குருவி தின்று, உதிர்ந்து கிடக்கும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்த ஒரு குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார். அவருக்குக் கிடைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தபோது, அவரும் தம் அண்ணன் குடும்பத்தோடு கிளம்பினார்.

ஹட்டன் ரயில் ஸ்டேஷன் அன்று சாவு வீடு மாதிரி இருந்தது. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள்ளிருந்தும், இருக்கிறவர்கள் வெளியிலிருந்தும் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். அப்பா அழவில்லை. ரயில் ஊதுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் குனிந்து, என் காதருகே கேட்டார்.

"நேத்துப் பேச்சியக்காக்கிட்டப் பயணம் சொல்லப் போனேன். அம்மா அந்தக் காப்பக் கோப்பியில போட்டுக் காச்சிக் குடிச்சாளாம்ல. ஒனக்குத் தெரியுமா தாயி?"

நான், "தெரியாதுப்பா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொன்னால் அவருக்குத் தெரியும், என்னைப் பெற்றவர். கையை நீட்டி என் தலையைத் தடவி, "அன்னைக்கு ஒங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கக் கூடாது" என்றார். ரயில் நகர்ந்தது. நான் கூடவே கொஞ்சத் தூரம் ஓடினேன். என்னைச் சுற்றி எல்லோரும் அப்படி ஓடிக்கொண்டிருந்ததால் எதற்காக ஓடினேன் என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலில் அவர் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. இந்தியாவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவது கடிதத்தைப் பெரியப்பா மகன் எழுதியிருந்தார்.

எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மரக்கறித் தோட்டம், லீக்ஸும் கோவாவும் போட்டிருக்கிறார்கள். கான் ஓரத்துக் கோப்பி மரங்கள் எப்போது போயின என்று சொல்ல ஆள் இல்லை. அம்மாவைப் புதைத்த சரிவில் தேயிலை வைத்து, அதுவும் முற்றி, மறுபடி பிடுங்கிப் புதிய கன்று நட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று எனக்கே குறி தப்பிவிட்டது. பேச்சியக்கா இல்லை, பத்தரின் கடை இல்லை. பேரப்பிள்ளைகள் வீட்டில் போத்தலில் விற்கிற கோப்பித் தூளைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார்கள். எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்து வைப்பார்கள், வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். என் வயிற்றில் ஒரு நோயும் கிடையாது.

சொன்னால் அப்பா உயிரோடு இருக்க மாட்டார் என்று பயந்துதான் நான் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமல் இருந்தும் அவர் இல்லை, அம்மாவும் இல்லை. இப்போது, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, முதல் முறையாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன், யாரென்றே தெரியாத உங்களிடம்.